பூட்டில் மாட்டிய பூட்டு

எங்கள் தொழிற்சாலையில் பழுது பார்க்கும் பிரிவில் சேர்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு பூட்டு கொடுப்பார்கள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சின்னப் பூட்டு. அதற்கு ஒரே ஒரு சாவி. இயந்திரத்துக்குள் இறங்க வேண்டிய வேலை என்றால், முதலில் சுவிட்ச் அறைக்குப் போய் அந்த இயந்திரத்தின் கைப்பிடியைக் கீழே இறக்கி, அதில் நம் பூட்டை மாட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும். வெளியே வந்த பிறகு அவரவர் பூட்டை அவரவரே திறக்க வேண்டும். ஒருவர் பூட்டை இன்னொருவர் தொடக்கூடாது. மேனேஜரே வந்து நின்று கத்தினாலும் தொடக்கூடாது.

சோப்பு செய்கிற இடம் அது. இருபத்திரண்டு வருஷம் அங்கே வேலை பார்த்தேன். பிட்டராகச் சேர்ந்த முதல் பெண் நான்தான். கொஞ்ச காலம் ‘அந்தப் பொண்ணு’ என்றார்கள். பிறகு ‘அக்கா’ ஆனேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்களுக்கும் அக்காதான். ஆறு வருஷம் கழித்து என் தம்பியும் அதே பிரிவில் சேர்ந்தான். எங்கள் வீட்டில் சோப்பு வாசனை இல்லாத துணி கிடையாது. “வேர்த்தாலும் மணக்கிற குடும்பம்” என்பாள் தம்பி மனைவி.

பூட்டுகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்ததால் அடிக்கடி குழப்பம் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து வந்ததும் தம்பி மனைவி தன் நகப்பூச்சு சீசாக்களை எடுத்து வைத்துக்கொண்டு எங்கள் பூட்டுகளுக்கு வண்ணம் பூசினாள். எனக்குச் சிவப்பு. அவனுக்கு நீலம்.

“நீலத்துல எதுக்கு வாங்கினே? யார் கண்ணுக்கு?” என்று கேட்டான் தம்பி.

“உங்க கண்ணுக்குத்தான். நீங்க எங்க என் விரலைப் பார்த்தீங்க? இனிமே பூட்டையாவது பாருங்க.”

அவன் எதையும் பார்க்கிறவன் இல்லை. அப்படி ஒரு மறதி. கல்யாணத்தன்று இரண்டும் இடது காலாக ஷூ எடுத்து வந்து, நாள் முழுக்க ஒரு பக்கம் சாய்ந்தே நடந்தவன். வேலை முடிந்தால் ஸ்பானரை மறப்பான், டார்ச்சை மறப்பான், சுவிட்ச் பலகையில் பூட்டை மாட்டியது மாட்டியபடி விட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடுவான். அவனைத் தேடிப்பிடித்துச் சாவியோடு இழுத்து வருவதே எங்களுக்கு ஒரு தனி வேலை. அவனை இழுத்து வருகிறவர் பெரும்பாலும் மெதுவா.

மெதுவா என்பது அவருக்கு நாங்கள் வைத்த பெயர். எந்த வேலையிலும் “மெதுவா, மெதுவா” என்று சொல்லிக்கொண்டே செய்வார். அவருக்கு முப்பத்தெட்டு வயதில்தான் கல்யாணம் ஆனது. “பொண்ணு பார்க்கப் போன இடத்துலயும் மெதுவான்னு சொல்லியிருப்பார்” என்று தம்பி கிண்டல் செய்வான். அதற்கும் மெதுவாகத்தான் சிரிப்பார். ஆலயத்தில் எங்களுக்கு மூன்று பெஞ்சுக்கு முன்னால் உட்காருவார். பாட்டை எல்லாரும் முடித்த பிறகு அவர் குரல் மட்டும் கடைசி வரியில் தனியாகக் கேட்கும்.

அந்த மெதுவாதான் என் தம்பி உள்ளே இருக்கும்போது சுவிட்சைப் போட்டார்.

நடந்ததைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கலவைத் தொட்டி என்று ஒன்று உண்டு. ஆள் உயரத்துக்கு மேலே வாய், ஏணி வைத்து ஏறி உள்ளே இறங்க வேண்டும். உள்ளே இரண்டு நீளமான இரும்பு அலகுகள் சோப்பையும் வாசனை எண்ணெயையும் பிசையும். அன்று காலை ஒரு அலகின் போல்ட் தளர்ந்துவிட்டது. மெதுவாவும் தம்பியும் பூட்டுகளை மாட்டிவிட்டு இறங்கினார்கள். போல்ட்டை முறுக்கி முடித்து வெளியே வந்தார்கள். இருவரும் வெளியே வந்ததை நானே பார்த்தேன். நான் அடுத்த இயந்திரத்தில் இருந்தேன். நாற்பது நிமிஷமாக உற்பத்தி நின்றிருந்தது. சூப்பர்வைசர் மூன்று தடவை வந்து கத்திவிட்டுப் போயிருந்தார். மெதுவா வாழ்க்கையில் முதல் தடவையாக வேகமாக நடந்தார், சுவிட்ச் அறைக்கு. அந்த அறை சுவருக்கு அந்தப் பக்கம். அங்கிருந்து தொட்டி தெரியாது.

தம்பி டார்ச்சை உள்ளேயே விட்டிருந்தான். தன் பூட்டு பலகையில் இருக்கிறது, சாவி தன் பையில் இருக்கிறது என்ற தைரியத்தில் மறுபடி இறங்கினான்; நான் என் வேலையில் குனிந்திருந்தேன்.

பலகையில் மெதுவாவின் பூட்டும் தம்பியின் நீலப் பூட்டும் இருந்தன. ‘இவன் இன்னிக்கும் மறந்துட்டான்’ என்றுதான் அவர் நினைத்தார். அவர் தன் பூட்டைத் திறந்து எடுத்தார். நீலப் பூட்டும் கூடவே கையோடு வந்துவிட்டது, பூட்டினது பூட்டினபடி. அதை அவனிடம் கொடுத்துக் கிண்டல் செய்யலாம் என்று தன் பையில் போட்டுக்கொண்டு, கைப்பிடியை மேலே தூக்கினார்.

இதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத மாட்டேன்.

பூட்டியிருந்த பூட்டு எப்படிக் கையோடு வரும் என்று கேட்கலாம். விசாரணைக் குழுவும் அதையேதான் கேட்டது. முறைப்படி, கைப்பிடியில் ஆறு துளை உள்ள ஒரு இரும்புக் கொக்கி இருக்கும். ஆறு பேர் ஆறு துளையில் தனித்தனியாகப் பூட்டு மாட்டலாம். ஆறாவது ஆள் தன் பூட்டை எடுக்கும்வரை கைப்பிடி அசையாது. எங்கள் பலகையில் அந்தக் கொக்கி உடைந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஸ்டோரில் கேட்டால் வாங்கச் சொல்லியிருக்கிறோம் என்றார்கள். கைப்பிடியில் ஒரே ஒரு துளைதான். அதனால் முதல் ஆள் துளையில் மாட்டுவார். இரண்டாவது ஆள் தன் பூட்டை முதல் பூட்டின் வளையத்துக்குள் கோத்து மாட்டுவார். பூட்டில் மாட்டிய பூட்டு. பார்க்க இரண்டு பூட்டு. உண்மையில் ஒன்றுதான் பூட்டு. மற்றது வெறும் தொங்கல்.

“இப்படி மாட்டுற பழக்கத்தை முதல்ல ஆரம்பிச்சது யாரு?” என்று குழுவில் ஒருவர் கேட்டார்.

“எல்லாரும் அப்படித்தான் மாட்டுவோம்” என்றேன் நான்.

அதே கேள்வியை மெதுவாவிடமும் கேட்டார்கள். அவர் மேசையைப் பார்த்தபடி, “அதெல்லாம் தெரியாதுங்க. என் பூட்டை எடுத்தது நான். சுவிட்சைப் போட்டதும் நான்” என்றார்.

அவருக்குத் தெரியும். ஆரம்பித்தது நான்.

கொக்கி உடைந்த முதல் நாள், நானும் அவரும்தான் இறங்க வேண்டியிருந்தது. அவர் பூட்டு ஏற்கெனவே துளையில் இருந்தது. நான் என் சிவப்புப் பூட்டை அதன் வளையத்தில் கோத்தேன். அவர் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அக்கா, இது சரியா வருமா? நான் என் பூட்டைத் திறந்தா உங்களுதும் கூடவே வந்துடுமே?”

“நீங்கதான் மெதுவா ஆச்சே அண்ணே. நான் வெளிய வந்து குளிச்சு வீட்டுக்குப் போன பிறகுதானே நீங்க வந்து திறப்பீங்க?”

அவரும் சிரித்துவிட்டார். கருவிப் பையோடு கூட வந்திருந்த என் தம்பி ரொம்ப நேரம் சிரித்தான். ஒரு வாரத்துக்குத்தான் என்று நினைத்தேன். எட்டு மாதம் ஆனது. பிரிவின் மூத்த ஆள் நானே அப்படி மாட்டியதால், யார் ஆரம்பித்தது என்று யாரும் கேட்காமலே அதுவே முறை ஆகிவிட்டது.

விசாரணை முடிந்து மெதுவாவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். ஆலயத்துக்கு வருவதையும் அவர் நிறுத்திவிட்டார். நான் போய்க்கொண்டிருந்தேன். ஆனால் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு எல்லாரும் முன்னால் எழுந்து போகும்போது நான் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பேன். துக்கம் என்று நினைத்து யாரும் எதுவும் கேட்கவில்லை. போதகர் ஒரு தடவை தோளைத் தொட்டுவிட்டுப் போனார். எனக்கு ஆறுதல் சொன்னவர்களை ஏறிட்டுப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

பதினோரு மாதம் கழித்து மேனேஜர் கூப்பிட்டார்.

“அவரைத் திரும்ப எடுத்துக்கலாம்னு மேல முடிவு வந்திருக்கு. ஆனா எந்தப் பிரிவும் வேணாங்குது. அவர் சுவிட்ச் பக்கம் நிக்கும்போது உள்ள இறங்க மாட்டோம்னு எழுதியே குடுத்துட்டாங்க. உங்க பிரிவு மட்டும்தான் பாக்கி. நீங்களும் வேணாம்னா, அனுப்பிட வேண்டியதுதான். உங்ககிட்ட இதைக் கேக்கவே எனக்குச் சங்கடமா இருக்கு.”

“எப்ப சொல்லணும்?”

“வெள்ளிக்கிழமை. அக்கா, ஒண்ணு சொல்றேன். நீங்க வேணாம்னு சொன்னா யாரும் உங்களைத் தப்பா நினைக்க மாட்டாங்க.”

அதுதான் என்னைக் குத்தியது. நான் எதைச் சொன்னாலும் நல்லவள்தான். வேண்டாம் என்றால் பாவம், தம்பியைப் பறிகொடுத்தவள். சேர்த்துக்கொள்கிறேன் என்றால் பெரிய மனசு. தீர்ப்புச் சொல்கிற அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை என்பது இரண்டே பேருக்குத் தெரியும். ஒன்று நான். இன்னொருவர் வாயைத் திறக்கவில்லை.

வீட்டில் தம்பி மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவன் போன பிறகு அவளும் அவர்கள் மகள் பாப்பாவும் நானும் ஒரே அறையில்தான் படுத்தோம். மேனேஜர் சொன்னதைச் சொன்னேன். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

“அந்தாளு தெருவுல நடக்கட்டும், கடைக்குப் போகட்டும், நூறு வருஷம் இருக்கட்டும். அந்தப் பலகை கிட்ட மட்டும் நிக்கக் கூடாது. அவ்வளவுதான் அண்ணி எனக்கு.”

“அவருக்கு வேற வேலை தெரியாது.”

“எனக்கும்தான் வேற புருஷன் தெரியாது.”

பேச வேண்டியது வேறொன்று இருந்தது. அதைப் பேசுவதற்கு முன்னால் மெதுவாவைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

மறுநாள் வேலை முடிந்து நேராக அவர் குடியிருந்த கட்டடத்துக்குப் போனேன். வீட்டுக்கு ஏறவே தேவைப்படவில்லை. படிக்கட்டுக்குக் கீழே, தண்ணீர் பம்பைப் பிரித்துப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார். அக்கம்பக்கத்து வீடுகளில் இப்படிச் சில்லறைப் பழுது பார்த்துத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். முழங்கை வரை கிரீஸ். சட்டையில் மேல் பொத்தான் இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல், மறுபடி உட்கார்ந்தார்.

“உக்காருங்கண்ணே. நானும் உக்காருறேன்” என்று கடைசிப் படியில் உட்கார்ந்தேன்.

ரொம்ப நேரம் அவர் வாஷரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த வாஷரையே திரும்பவும் துடைத்தார்.

“ஏன் சொல்லலை?” என்றேன்.

“எதை?”

“உங்க பூட்டுல முதல் நாள் பூட்டை மாட்டினது யாருன்னு.”

அவர் தலை நிமிரவில்லை. “சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்? அந்த வீட்டுல ஒரு ஆள் போயாச்சு. மிச்சம் ஒரு சம்பளம். அதையும் நானே பிடுங்கணுமா? அந்தப் பொண்ணு முகத்துல நீங்க எப்படி முழிப்பீங்க?”

“அதுக்காக?”

“வேற எதுக்காக? கைப்பிடியைத் தூக்கின கை என்னுது. உங்களையும் இழுத்துவிட்டா என்னுது பாதியாயிடுமா?”

“என் பங்குன்னு ஒண்ணு இருக்குல்ல அண்ணே. அதை யாரு தூக்குறது?”

“தூக்கியாச்சே” என்றார், பம்பை உள்ளங்கையால் தட்டியபடி. “பதினோரு மாசமா சேர்த்துத்தான் தூக்கிட்டிருக்கேன். பழகிடுச்சு.”

அதை அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. ஒரு மூட்டையின் கனத்தைச் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

ஒருவர் என் குற்றத்தைத் தன்மேல் போட்டுக்கொண்டார் என்று பேசத் தெரிந்த நாளிலிருந்து ஜெபத்தில் சொல்லி வந்திருக்கிறேன். முழங்காலில் நின்று சொல்லியிருக்கிறேன், பாடியிருக்கிறேன், ஆமென் போட்டிருக்கிறேன். அது எனக்குச் சுலபமாக இருந்தது. ஏனென்றால் அது எப்போதோ, எங்கேயோ, ஒரு மலைமேல் நடந்து முடிந்தது. அது என் பக்கத்துத் தெருவில், படிக்கட்டுக்குக் கீழே, பொத்தான் இல்லாத சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்று நினைத்ததில்லை. என் பழியை இன்னொருவர் சுமந்தால் அவர் வேலை போகும், அவரை மற்ற பிரிவுகள் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும், அவர் ஆலயத்துக்கு வர முகமில்லாமல் வீட்டில் இருப்பார் என்று யோசித்ததில்லை.

மெதுவா ஆண்டவர் இல்லை. என் தம்பியின் உயிரை எடுத்த கை அவருடையது. நீலப் பூட்டு கையோடு வந்தபோது ஒரு நிமிஷம் நின்று, சுவரைச் சுற்றி வந்து பார்த்திருந்தால் அவன் இருந்திருப்பான். அதை நான் மறக்கவில்லை, இன்றைக்கும் மறக்கவில்லை. ஆனால் என் பழியைச் சுமந்ததும் அவர்தான். இரண்டும் ஒரே ஆள். ஒன்றைக் காட்டி மற்றதை அழிக்க முடியாது.

இரக்கம் என்றால் என் கையில் நிறைந்த குடம் இருக்கிறது, எதிரில் நிற்கிறவர் வெறுங்கையை நீட்டுகிறார் என்று எண்ணியிருந்தேன். வெள்ளிக்கிழமைக்குள் ஊற்றலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது என் வேலை என்று எண்ணியிருந்தேன். அந்தப் படியில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, பதினோரு மாதமாகக் குடித்துக்கொண்டிருப்பது நான். கேட்காமலே கிடைத்தது. நன்றி சொல்லாமலே குடித்தேன். அதற்குத்தான் கிருபை என்று பெயர் என்றால், அது ஒன்றும் மனசை லேசாக்குகிற சமாச்சாரம் இல்லை. எழுந்து நிற்கச் சொல்கிற சமாச்சாரம்.

எழுந்தேன். “நான் சொல்லப் போறேன்” என்றேன்.

“வேண்டாம் அக்கா. யாருக்கு என்ன லாபம்?”

“லாபத்துக்கு இல்லை. நீங்க இறக்கி வைங்க. என்னுதை நான் எடுத்துக்கறேன்.”

முதலில் வீட்டில் சொன்னேன். அதுதான் கடினம். மேனேஜரிடம் சொல்வது வேலையை மட்டும்தான் பாதிக்கும். பாப்பா பள்ளிக்கூடம் போன பிறகு, தம்பி மனைவியை உட்காரச் சொல்லி, கொக்கி உடைந்த நாளில் நான் சொன்ன அந்தக் கிண்டல் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் அசையாமல் கேட்டாள்.

“எத்தனை மாசமா என் பக்கத்துல படுத்துத் தூங்குறீங்க?”

“தூங்கலை.”

“நானும்தான் தூங்கலை. நான் எதுக்குத் தூங்கலைன்னு உங்களுக்குத் தெரியும். நீங்க எதுக்குத் தூங்கலைன்னு எனக்குத் தெரியாது. அது நியாயமா அண்ணி?”

நியாயம் இல்லை என்றேன்.

“நீங்க அவரை மன்னிச்சுக்கோங்க. அவர் உங்களை மன்னிக்கட்டும். ஆண்டவர் ரெண்டு பேரையும் மன்னிக்கட்டும். என் சார்பா யாரும் யாரையும் மன்னிக்க வேண்டாம். அது என்கிட்டதான் இருக்கு. எப்ப குடுக்கணும்னு எனக்குத் தெரியும்.”

“அதைக் கேக்க வரலை. உன்கிட்ட மறைச்சேன், அதைச் சொல்ல வந்தேன்.”

அவள் எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்த்தாள். சுத்தமாக இருந்த பாத்திரங்களையும் எடுத்துத் தேய்த்தாள். அன்று முதல் அவளும் பாப்பாவும் முன்னறையில் படுத்தார்கள். எனக்குச் சாப்பாடு எடுத்து வைத்தாள். பேசவில்லை.

வெள்ளிக்கிழமை மேனேஜர் முன்னால் நான் எழுதிக்கொண்டு போன இரண்டு பக்கங்களை வைத்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

“அக்கா, முடிஞ்சுபோன விஷயம் இது. இதைக் கிழிச்சுப் போட்டுட்டு, அவரைச் சேர்த்துக்கறேன்னு மட்டும் ஒரு வரி எழுதிக் குடுங்க. உங்களுக்கும் நல்லது, அவருக்கும் நல்லது.”

“அவர் செஞ்சதை எழுதியிருக்கீங்கல்ல, அதுக்குப் பக்கத்துல இதையும் வைங்க. அவர் செஞ்சது குறையாது. ஆனா அவர் மட்டும் செஞ்சதா இருக்கக் கூடாது.”

“உங்க பொறுப்பு போயிடும்.”

“போகட்டும்.”

போனது. பிரிவின் மூத்த ஆள் என்ற பொறுப்பை எடுத்துவிட்டார்கள். எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். வேலையை மட்டும் விட்டுவைத்தார்கள். கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கேட்டேன்: “அவர் விஷயம்?”

“இப்ப நீங்க பொறுப்புல இல்லையே. உங்க பிரிவு ஆளுங்க ஒத்துக்கணும். அவர் பலகை கிட்ட நிக்க, உள்ள இறங்குறதுக்கு ஒருத்தராவது வேணும். யார் இறங்குவா?”

“நான் இறங்குறேன்.”

அவர் என்னையே பார்த்தார். “யோசிச்சுத்தான் சொல்றீங்களா?”

“பதினோரு மாசம் யோசிச்சிருக்கேன்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் திருவிருந்துக்கு எழுந்து முன்னால் போனேன். தம்பி மனைவி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். எனக்கு வழிவிடக் காலை ஒதுக்கினாள். அவள் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

மெதுவா செவ்வாய்க்கிழமை வேலைக்கு வந்தார். அவர் நுழைந்ததும் பேச்சு நின்றுபோனது. ஒருவர் மட்டும் கொஞ்சம் சத்தமாகவே, “தைரியம்தான்” என்றார். அவரையா என்னையா என்று தெரியவில்லை. வியாழக்கிழமை கலவைத் தொட்டியில் வேலை என்று வேலைப் பட்டியலில் எழுதியிருந்தது. அதே அலகு, அதே போல்ட். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை முறுக்கிப் பார்க்க வேண்டியது.

வியாழக்கிழமை காலை நான் செருப்பை மாட்டும்போது தம்பி மனைவி வாசலுக்கு வந்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசியது அப்போதுதான்.

“இன்னிக்குத்தானா?”

“இன்னிக்குத்தான்.”

“எத்தனை மணிக்கு?”

“பத்து, பத்தரை இருக்கும்.”

“இறங்குறதுக்கு முன்னாடி போன் பண்ணுங்க. வெளிய வந்ததும் பண்ணுங்க.” கதவைச் சாத்திக்கொண்டாள்.

சுவிட்ச் அறையில் இப்போது புதுக் கொக்கி இருந்தது. ஆறு துளை. நான் கைப்பிடியைக் கீழே இறக்கி, முதல் துளையில் என் சிவப்புப் பூட்டை மாட்டினேன். நகப்பூச்சு பாதி உரிந்திருந்தது. மெதுவாவுக்குப் புதுப் பூட்டு கொடுத்திருந்தார்கள். அவரால் அதை மாட்ட முடியவில்லை. துளைக்கும் வளையத்துக்கும் நடுவில் கை ஆடிக்கொண்டே இருந்தது.

“அக்கா, வேற யாராவது நிக்கட்டும். எனக்கு வேண்டாம். நான் கூட்டிப் பெருக்குறேன், அது போதும்.”

“போதாது அண்ணே.”

“என் கையைப் பாருங்க.”

“பார்த்துட்டேன். மெதுவா, மெதுவா. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லை.”

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். அழுவாரோ என்று பயந்தேன். ஆனால் அவர் மூக்கால் ஒரு சத்தம் போட்டார். அது சிரிப்பு மாதிரியும் இருந்தது. பிறகு இரண்டு கையாலும் பிடித்துப் பூட்டை இரண்டாவது துளையில் மாட்டினார். க்ளிக் என்ற சத்தம் கேட்டது. இரண்டு பூட்டும் தனித்தனியாகத் தொங்கின. நான் இரண்டையும் இழுத்துப் பார்த்தேன். அவரும் இழுத்துப் பார்த்தார்.

போன் பண்ணினேன். முதல் மணியிலேயே எடுத்தாள். “இறங்கப் போறேன்” என்றேன். “ம்” என்றாள்.

ஏணியில் ஏறியபோது, மற்ற இயந்திரங்களில் இருந்தவர்கள் எல்லாரும் கையில் வேலை இருப்பதுபோலக் குனிந்துகொண்டிருந்தார்கள். யாரும் வேலை செய்யவில்லை. தொட்டிக்குள் இறங்கினேன். பூ வாசனை. என் வாழ்க்கையிலேயே எனக்குப் பிடிக்காத வாசனை அது. கழுவித் துடைத்த இரும்பு பளபளவென்று இருந்தது. அவன் இங்கேதான் குனிந்து டார்ச்சைத் தேடியிருப்பான். அலகில் கை வைத்தேன். சாவி பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். இருந்தது. அவனிடமும்தான் இருந்தது.

ஜெபம் பண்ண வார்த்தை வரவில்லை. ‘ஆண்டவரே, நான் இங்க இருக்கேன்’ என்று மட்டும் சொன்னேன். ஸ்பானரை எடுத்து முதல் போல்ட்டை முறுக்கினேன். அசையவில்லை, இறுக்கமாகத்தான் இருந்தது. இரண்டாவது, மூன்றாவது. மொத்தம் பன்னிரண்டு. அவசரப்படவில்லை. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை பார்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் ஒரு கைப்பிடியை விட்டுக் கண்ணை எடுக்காமல் நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். நான் எவ்வளவு நேரம் எடுத்தாலும் நிற்பார். இந்த உலகத்தில் அந்த இடத்தில் நிற்க அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது என்று பன்னிரண்டாவது போல்ட்டில் தோன்றியது.

எடுத்து வந்த சாமான்களை எண்ணிப் பார்த்தேன். ஸ்பானர், துணி, டார்ச். மூன்றும் இருந்தன. ஏறினேன்.

சுவிட்ச் அறையில் மெதுவா நான் விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“உள்ள யாரும் இல்லையே?”

“யாரும் இல்லை.”

“நான் போய் ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேன்.”

“போய்ப் பாருங்க.”

அவர் போய் ஏணியில் ஏறித் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் அப்படியே நின்றார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. உற்பத்தி நின்றுதான் இருந்தது, சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பிறகு இறங்கி வந்தார். நான் என் பூட்டைத் திறந்தேன். அவர் தன் பூட்டைத் திறந்தார்.

“நீங்க தூக்குங்கண்ணே” என்றேன்.

அவர் கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்கினார். சுவருக்கு அந்தப் பக்கம் அலகுகள் சுழலும் சத்தம் கேட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு முழுக்கக் கேட்டார்.

வெளியே வந்து போன் பண்ணினேன். மறுபடி முதல் மணியிலேயே எடுத்தாள். காலையிலிருந்து கையிலேயே வைத்திருந்திருப்பாள்.

“வந்துட்டேன்” என்றேன்.

“ம்” என்றாள். பிறகு, “அவர்?” என்றாள்.

“நிக்கிறார். பக்கத்துலதான்.”

“சரி” என்றாள். போனை வைக்கவில்லை. “வர்றப்ப பால் வாங்கிட்டு வாங்க. வீட்டுல பாப்பாவுக்கு இல்லை.”